மேலே பூச்சு, உள்ளே பூச்சி!

சமையல் அறை அலமாரிக்கு எந்தக் கதவு நல்லது?

ஒரு வீட்டில் அதிகமாகத் திறந்து மூடப்படும் கதவு எது?

வாசல் கதவு என்றுதான் பலரும் சொல்வார்கள். இல்லை!

சமையல் அறை அலமாரிக் கதவுதான் அது.

காலையில் காப்பித் தூளுக்கு ஒரு தடவை. சர்க்கரைக்கு ஒரு தடவை. பருப்புக்கு, புளிக்கு, எண்ணெய்க்கு என்று மீண்டும் மீண்டும். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் தின்பண்டம் தேடுவது தனிக் கணக்கு.

ஒரு கதவை நாளுக்கு 20 தடவை திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 7,300 தடவை ஆகிறது. 10 ஆண்டில் 73,000 தடவை!

இப்படி உழைக்கும் கதவைப் பலர் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? நிறத்தைப் பார்த்து!

கடையில் விளக்கு வெளிச்சத்தில் கதவு பளபளக்கிறது. கை வைத்தால் வழுக்குகிறது. முகம் பார்த்துத் தலை வாரலாம் போல இருக்கிறது. "இதுவே இருக்கட்டும்" என்று முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு மழைக்காலம் போகிறது. தொட்டிக்குக் கீழே இருக்கும் கதவு ஊதுகிறது. ஓரம் பிளக்கிறது. கீல் கழன்று, கதவு ஒரு பக்கமாகத் தொங்குகிறது. திறந்து பார்த்தால் உள்ளே கரப்பான் பூச்சி குடித்தனம் நடத்துகிறது!

சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். சில வீடுகளில் நகையை அடகு வைத்து வாங்கிய பணம். அது இப்படி வீணாகலாமா?

வீணாகாமல் இருக்க வழி உண்டு. மேலே இருக்கும் பூச்சைப் பார்க்கும் முன், உள்ளே இருக்கும் பலகையைக் கேட்கவேண்டும். அவ்வளவுதான்!

கதவே இல்லாத காலம்

அந்தக் காலத்து அடுப்பங்கரையில் அலமாரிக் கதவு ஏது?

பாலும் தயிரும் உறியில் தொங்கின. கடுகும் மிளகும் அஞ்சறைப்பெட்டியில் இருந்தன. பெரிய பாத்திரங்கள் பரண் மேல் ஏறின. விளக்கும் தீப்பெட்டியும் மாடத்தில் இருந்தன. யாவும் கண்ணுக்குத் தெரிந்தன. காற்றும் பட்டது.

பிறகு சுவரில் கடப்பா கல் பதித்துத் தட்டு அமைக்கும் வழக்கம் வந்தது. தமிழ்நாட்டில் பல வீடுகளில் இன்றும் அந்தத் தட்டுகள் உண்டு. கல்லுக்குக் கறையான் பயம் இல்லை. நீர் பட்டாலும் கெடாது.

அந்தத் தட்டுகளை மறைக்கக் கதவு வந்தது. அதன் பிறகு, தட்டு, பெட்டி, கதவு எல்லாவற்றையும் பலகையிலேயே செய்து பொருத்தும் "மாடுலர் கிச்சன்" வந்தது.

கல் இருந்த இடத்தில் பலகை வந்தது. கவலையும் கூடவே வந்தது!

ஜெர்மனி காட்டிய வழி

மேடை, தொட்டி, அலமாரி எல்லாவற்றையும் திட்டமிட்டு ஓர் அறைக்குள் அடக்கியவர்களில் முன்னோடி ஒரு பெண்மணி.

அவர் பெயர் மார்கரெட்டே ஷூட்டே லிஹோட்ஸ்கி. ஆஸ்திரியா நாட்டவர். கட்டடக் கலை படித்தவர். 1897-ல் பிறந்து, 2000-ம் ஆண்டு வரை வாழ்ந்தவர்.

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்தில் தொழிலாளர்களுக்குப் புதிய வீடுகள் கட்டினார்கள். அந்த வீடுகளுக்காக 1926-ம் ஆண்டு அவர் ஒரு சமையல் அறையை வடிவமைத்தார். சுமார் 10,000 வீடுகளில் அது அமைக்கப்பட்டது. அதற்குப் "பிராங்க்பர்ட் சமையல் அறை" என்று பெயர்.

அதில் அவர் செய்த ஒரு காரியம் நம் கவனத்துக்கு உரியது.

எல்லா இடத்துக்கும் ஒரே மரத்தை அவர் போடவில்லை!

மாவு வைக்கும் அறைக்கு ஓக் மரம். அந்த மரத்தை மாவுப் புழு அண்டாது என்பது கணக்கு. காய் நறுக்கும் பலகைக்குப் பீச் மரம். அது கறையையும் கத்தி வெட்டையும் தாங்கும். அலமாரிகளுக்கு நீலம் கலந்த பச்சை வண்ணம். ஈக்கள் அந்த நிறத்தில் உட்காராது என்று அக்காலத்தில் நம்பினார்கள்.

எந்த இடத்தில் என்ன வேலையோ, அதற்கு ஏற்ற பொருள்! இதுதான் அவர் கண்ட வழி. சுமார் நூறு ஆண்டு ஆன பிறகும் இந்த வழி பழையதாகவில்லை.

நான்கு பகைவர்கள்

நம் சமையல் அறையில் கதவுக்கு நான்கு பகைவர்கள் உண்டு.

முதல் பகைவன் நீர். பாத்திரம் கழுவும்போது தெறிக்கிறது. மேடையிலிருந்து வழிகிறது. தரையைக் கழுவிவிடும்போது கதவின் அடியை நனைக்கிறது.

இரண்டாவது வெப்பம். சோறு வடிக்கும் ஆவி, குக்கரின் ஆவி, அடுப்பின் அனல் எல்லாம் கதவின் மேல் அடிக்கின்றன.

மூன்றாவது எண்ணெய்ப் புகை. தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் எழும் புகை கதவில் படிந்து பிசுக்காகிறது.

நான்காவது கறையான். மண்ணிலிருந்து கிளம்பிச் சுவர் விரிசல் வழியாக ஏறி வரும். பலகையை உள்ளேயே தின்னும். வெளியே பூச்சு மட்டும் மிஞ்சும்!

இந்த நான்கையும் எது தாங்கும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மரம்

தேக்குக்கு ஈடு இல்லை என்பார்கள். உண்மைதான். தேக்கில் இயற்கையாகவே ஒரு வகை எண்ணெய்ப் பசை உண்டு. அதனால் கறையான் எளிதில் தொடாது.

ஆனால் ஒரு விஷயம் கவனிக்கவேண்டும். மரத்தின் நடுவில் இருக்கும் வைரத்துக்குத்தான் இந்தச் சக்தி. ஓரத்தில் வெளுத்துக் காணும் பகுதிக்கு இல்லை. தேக்கு என்று சொல்லி வெள்ளைப் பகுதியைத் தலையில் கட்டினால், கறையான் அதைத் தின்றுவிடும்.

மரம் மழைக்காலத்தில் உப்பும். கோடையில் சுருங்கும். ஆகையால் அகலமான ஒரே பலகையில் கதவு செய்தால் அது கோணிக்கொள்ளும்.

நம் தச்சர்கள் இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். நான்கு பக்கமும் சட்டம் கூட்டுவார்கள். சட்டத்தில் காடி எடுத்து, நடுப் பலகையைப் பசை வைக்காமல் செருகுவார்கள். பலகை உப்பினாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நகரும். சட்டம் அசையாது. கதவும் கோணாது!

தேக்கு விலை அதிகம். வேம்பு, பூவரசு போன்ற நாட்டு மரங்களும் கதவுக்கு உதவும். எந்த மரமானாலும் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். பச்சை மரத்தில் செய்த கதவு, பிறகு காயும்போது முறுக்கிக்கொள்ளும்.

பிளைவுட்

மரத்தை ஏடு ஏடாகச் சீவி, ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி அழுத்தினால் பிளைவுட்.

ஓர் ஏட்டின் ரேகை நீளவாக்கில் இருந்தால், அடுத்த ஏட்டின் ரேகை குறுக்குவாக்கில் இருக்கும். ஒன்று விரிய நினைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். அதனால் மரத்தைப் போல அது உப்பிச் சுருங்குவதில்லை.

பிளைவுட்டின் பலம் அதை ஒட்டிய பசையில் இருக்கிறது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

கடையில் "எம்.ஆர்." என்று ஒரு ரகம் கொடுப்பார்கள். "கமர்ஷியல்" என்றும் சொல்வார்கள். எம்.ஆர். என்றால் ஈரம் தாங்கும் என்று பொருள். ஆனால் அது காற்றின் ஈரத்தைத்தான் தாங்கும். நீரில் நனைந்தால் தாங்காது! 60 டிகிரி வெந்நீரில் 3 மணி நேரம் ஊறவைப்பதுதான் அதற்கு வைத்திருக்கும் சோதனை.

"மெரைன் பிளைவுட்" என்பது மேல் ரகம். அதற்கு அரசாங்கத் தர எண் ஐ.எஸ். 710. அதன் பசை, கொதிக்கும் நீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் விட்டுப்போகக் கூடாது என்பது விதி. மூன்று பகல், மூன்று இரவு!

பூச்சி அரிக்காதபடி அதற்கு மருந்து ஏற்றியிருக்கவேண்டும் என்றும் விதி உண்டு.

இரண்டுக்கும் நடுவில் "பி.டபிள்யூ.ஆர்." என்று ஒரு ரகம் இருக்கிறது. இது கொதிநீரைச் சில மணி நேரம் தாங்கும். நீர் அதிகம் படாத கதவுகளுக்கு இது போதும்.

தூள் பலகைகள்

மரச் சீவலையும் தூளையும் பசையில் பிசைந்து அழுத்தினால் "பார்ட்டிகிள் போர்டு". மரத்தை நாராக்கி அழுத்தினால் "எம்.டி.எஃப்.".

இவை விலை குறைவு. மேல்பக்கம் மட்டமாக இருக்கும். எம்.டி.எஃப். பலகையில் பூ வேலை, கோடு வேலை அழகாக வரும். பெயிண்டு அடித்தால் கண்ணாடி போல் நிற்கும்.

ஆனால் சாதாரணத் தூள் பலகைக்கு நீர் எமன்! ஓரத்தில் நீர் இறங்கினால் ரொட்டி போல் ஊதிவிடும். காய்ந்த பிறகும் பழைய நிலைக்குத் திரும்பாது. திருகாணியும் அதில் பிளைவுட்டில் நிற்பது போல் நிற்காது. ஒரு தடவை கழன்றால் அதே ஓட்டையில் மறுபடி பிடிக்காது.

2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையில் மீண்டும் வீடுகளுக்குள் நீர் புகுந்தது. அதே மாதம் தூத்துக்குடி, நெல்லை மாவட்டங்களையும் வெள்ளம் தாக்கியது. இப்படி நீர் புகும் இடத்தில் வீடு இருந்தால், கீழ் அலமாரிக்குத் தூள் பலகை பக்கமே போகக் கூடாது.

இப்போது "எச்.டி.எச்.எம்.ஆர்." என்று ஒரு பலகை விற்கிறது. நாரை இன்னும் நெருக்கமாக அழுத்தி, ஈரம் தாங்கும் பசை சேர்த்துச் செய்தது. சாதாரண எம்.டி.எஃப். பலகையை விட இது மேல். மேல் அலமாரிக்கு நன்றாக உதவும். ஆனால் தொட்டிக்குக் கீழே மெரைன் பிளைவுட்டுக்கு இது மாற்று ஆகாது.

பிளாஸ்டிக்

பி.வி.சி. கதவுக்கு நீர் பயம் இல்லை. கறையான் பயமும் இல்லை. எடை குறைவு. வாடகை வீட்டிலும் சிறு வீட்டிலும் பலர் இதைத்தான் போடுகிறார்கள்.

அதன் எதிரி வெப்பம். சுமார் 80 டிகிரியில் பி.வி.சி. இளக ஆரம்பிக்கும். கொதிக்கும் நீரின் ஆவியோ 100 டிகிரி! ஆகையால் அடுப்புக்கு அருகே பி.வி.சி. கதவு வேண்டாம். அகலமான கதவாகச் செய்தால் நாளடைவில் தொய்ந்தும் போகும்.

மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகையும் உண்டு. அதற்கு "டபிள்யூ.பி.சி." என்று பெயர். இதுவும் நீரைத் தாங்கும். தொட்டிக்குக் கீழே போட ஏற்றது.

அலுமினியமும் எவர்சில்வரும்

அலுமினியச் சட்டம் போட்டு நடுவில் தகடோ கண்ணாடியோ பொருத்திய கதவுகள் பல வீடுகளில் உண்டு. துரு ஏறாது. கறையான் அரிக்காது. எடையும் குறைவு. கடற்கரை ஊர்களில் மட்டும் உப்புக் காற்று பட்டு நாளடைவில் புள்ளி விழும்.

கண்ணாடி போட்டால் சாதாரணக் கண்ணாடி கூடாது. உடைந்தால் கூர்மையான துண்டுகளாகச் சிதறும். பதப்படுத்திய "டஃபன்டு" கண்ணாடி கேளுங்கள். அது உடைந்தாலும் சிறு சிறு மணிகளாக உதிரும்.

எவர்சில்வர் கதவுக்கு ஆயுள் அதிகம். விலையும் அதிகம். 304 என்ற ரகத்தில் சுமார் 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் நூற்றுக்கு உண்டு. 202 என்ற ரகத்தில் நிக்கல் குறைவு. துருவைத் தாங்கும் சக்தியும் குறைவு.

காந்தம் வைத்துப் பார்த்து, "ஒட்டவில்லை, நல்ல ரகம்" என்று சொல்வார்கள். அதை நம்பவேண்டாம். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது! பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குவதுதான் வழி.

மைக்கா இல்லாத மைக்கா

பலகை முடிந்தது. இனி மேல் பூச்சு.

நம் வீடுகளில் அதிகம் ஒட்டுவது மைக்கா. "சன்மைக்கா" என்றும் சொல்கிறோம். அது ஒரு கம்பெனிப் பெயர். நாளடைவில் பொதுப் பெயர் ஆகிவிட்டது.

மைக்கா என்றால் அப்பிரகம். ஆனால் இந்தத் தகட்டில் அப்பிரகம் துளியும் கிடையாது!

பிறகு ஏன் அந்தப் பெயர்?

1912-ம் ஆண்டு அமெரிக்காவில் ஹெர்பர்ட் பேபர், டேனியல் ஓகானர் என்ற இருவர் ஒரு புதிய தகட்டைக் கண்டுபிடித்தார்கள். மின்சாரச் சாமான்களில் மின்சாரம் கசியாமல் இருக்க அப்பிரகம் வைப்பது வழக்கம். அப்பிரகத்துக்குப் பதிலாக இந்தத் தகடு வந்தது. "மைக்காவுக்குப் பதில்" என்ற பொருளில் அதற்கு "ஃபார்மைக்கா" என்று பெயர் வைத்தார்கள். பிற்பாடு அது மேசைக்கும் அலமாரிக்கும் வந்து சேர்ந்தது. இல்லாத மைக்காவின் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது!

உண்மையில் அது காகிதம். தடித்த காகிதங்களைப் பசையில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்வது. கீறலையும் கறையையும் சூட்டையும் ஓரளவு நன்றாகத் தாங்கும். கதவின் வெளிப்பக்கத்துக்கு 1 மில்லிமீட்டர் கனம் நல்லது.

உள்பக்கத்திலும் ஒரு மெல்லிய தகடு ஒட்டச் சொல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு வில் போல் வளையும்.

அக்ரிலிக் கதவு கண்ணாடி போல் மின்னும். ஆனால் கீறல் விழும். கை ரேகையும் தெரியும். அடிக்கடி துடைக்கவேண்டும்.

எம்.டி.எஃப். பலகை மேல் பிளாஸ்டிக் தாளைச் சூட்டில் ஒட்டிய கதவும் உண்டு. "மெம்பிரேன்" என்பார்கள். பார்க்க அழகு. அடுப்புக்கு அருகே வைத்தால் தாள் உரிந்து வரும்.

பூ வேலை, கோடு வேலை உள்ள கதவு எதுவானாலும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோடுகளில் படியும் எண்ணெய்ப் பிசுக்கைத் தினமும் துடைப்பது யார்?

உயிர் நாடி ஓரத்தில்!

கதவின் முகத்தின் வழியாக நீர் உள்ளே போவது அபூர்வம். ஓரத்தின் வழியாகத்தான் போகிறது!

முகத்தில் மைக்கா காவல் இருக்கிறது. ஓரத்தில் பலகை வெட்டிய இடம் திறந்து கிடக்கிறது. கீழ் ஓரம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஆகையால் சிலர் அங்கே பட்டை ஒட்டாமலே விட்டுவிடுகிறார்கள். நீர் முதலில் போய்ச் சேருவது அங்கேதான்!

கதவின் நான்கு ஓரத்திலும் பட்டை ஒட்டவேண்டும். மிஷினில் வைத்து ஒட்டிய பட்டை, கையால் ஒட்டியதை விட நன்றாகப் பிடிக்கும். கதவு மாட்டிய பிறகு, கீழ் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் பட்டை இல்லை என்று அர்த்தம்.

தரைக்கும் கதவுக்கும் நடுவே நான்கு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். தரையைக் கழுவும் நீர் கதவில் படாது.

எங்கே எது?

இனி பிராங்க்பர்ட் அம்மையாரின் வழியில் நம் சமையல் அறையைப் பிரித்துப் பார்ப்போம்.

தொட்டிக்குக் கீழே: மெரைன் பிளைவுட்டில் இரண்டு பக்கமும் மைக்கா. அல்லது டபிள்யூ.பி.சி., பி.வி.சி., அலுமினியம்.

அடுப்புக்குக் கீழும் பக்கத்திலும்: மைக்கா ஒட்டிய பிளைவுட், எவர்சில்வர். பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் தாளும் கூடாது.

மேல் அலமாரி: எச்.டி.எச்.எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர். பிளைவுட், கண்ணாடி போட்ட அலுமினியம். கனம் குறைவாக இருப்பது நல்லது.

நீரும் அனலும் படாத மூலை: நடுத்தர ரகம் எதுவும் போதும். இங்கே பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

கடப்பா கல் தட்டு ஏற்கனவே இருந்தால் அதை இடிக்கவேண்டாம். கதவு மட்டும் மாட்டினால் போதும். செலவு குறையும். தட்டுக்குக் கறையான் வராது.

கேஸ் சிலிண்டர்: எச்சரிக்கை!

சிலிண்டரை மறைக்கக் கதவு போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது.

சமையல் வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. கீழே தேங்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் ஒரு பொறி போதும், பெரும் விபத்து!

ஆகையால் சிலிண்டர் அலமாரிக் கதவில், தரையை ஒட்டிய இடத்தில் காற்றுத் துவாரம் கட்டாயம் இருக்கவேண்டும். மேலேயும் துவாரம் வேண்டும். கதவு முழுவதும் ஜன்னல் போல் சட்டங்கள் வைத்துச் செய்தால் இன்னும் நல்லது. இங்கே அழகை விட உயிர் பெரிது.

கீல் முக்கியம்

நல்ல பலகை வாங்கி மட்டமான கீல் போட்டால் பயன் இல்லை.

இப்போது கதவின் உள்பக்கத்தில் வட்டமாகக் குடைந்து கீல் பதிக்கிறார்கள். அந்த வட்டம் 35 மில்லிமீட்டர் அகலம். அதைத் தாங்கக் கதவுக்குக் கனம் வேண்டும். பிளைவுட் கதவு என்றால் 18 அல்லது 19 மில்லிமீட்டர் கனத்தில் செய்யுங்கள். 12 மில்லிமீட்டரில் செய்தால் கீல் பிடிக்காது.

சிறிய கதவுக்கு இரண்டு கீல். மூன்று அடிக்கு மேல் உயரம் போனால் மூன்று கீல்.

மூக்கும் ஒரு சோதனை

புதிய அலமாரியைத் திறந்ததும் கண் எரிகிறதா? மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதா?

பலகைப் பசையிலிருந்து "ஃபார்மால்டிஹைடு" என்ற வாயு வெளியேறலாம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு, 2004-ம் ஆண்டு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது.

பயப்படவேண்டாம். இந்த வாயு குறைவாக வெளிவரும் பலகைகளுக்கு "ஈ-1", "ஈ-0" என்று குறி போடுகிறார்கள். அந்தக் குறியுள்ள பலகையைக் கேட்டு வாங்குங்கள். புதிய அலமாரியைச் சில நாள் திறந்து போட்டு, ஜன்னல்களையும் திறந்து வையுங்கள்.

வாங்கும்போது

மைக்கா ஒட்டிய பிறகு உள்ளே இருப்பது எந்த ரகம் என்று யாருக்கும் தெரியாது. ஆகையால் ஒட்டுவதற்கு முன்பே பாருங்கள்.

ஒவ்வொரு பலகையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தர எண்ணும், உரிம எண்ணும் அச்சிட்டிருக்கும். மெரைன் என்று சொன்னால் 710 என்ற எண் இருக்கவேண்டும். உரிம எண் உண்மையா என்று "பி.ஐ.எஸ். கேர்" என்ற கைப்பேசிச் செயலியில் பார்க்கலாம். பார்க்கத் தெரியாவிட்டால் படிக்கும் பிள்ளைகளைக் கேளுங்கள். ஒரு நிமிட வேலை!

பில்லில் வெறும் "பிளைவுட்" என்று எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கம்பெனிப் பெயர், ஐ.எஸ். எண், கனம் மூன்றையும் எழுதச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. பலகையில் ஒரு சிறு துண்டு வாங்குங்கள். சமையலுக்கு உதவாத பழைய பாத்திரத்தில் போட்டு, வெளியில் வைத்து, நாலு மணி நேரம் கொதிக்க விடுங்கள். மட்டமான பலகை ஏடு ஏடாகப் பிரிந்து வரும். மெரைன் என்று விற்ற பலகை பிரிந்தால் அது மெரைன் அல்ல!

ஒரு கணக்கு

"நல்ல பலகைக்குப் பணம் எங்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி. ஆக 32 சதுர அடி.

2 அடி உயரம், ஒன்றரை அடி அகலம் உள்ள ஒரு கதவு 3 சதுர அடி. 10 கதவுக்கு 30 சதுர அடி. வெட்டுச் சேதத்தையும் சேர்த்தால் ஒன்றரைப் பலகை ஆகும்.

தொட்டிக்குக் கீழே இருப்பது இரண்டே கதவு. வெறும் 6 சதுர அடி!

ஆகவே மட்டமான ரகத்துக்கும் மேல் ரகத்துக்கும் உள்ள விலை வித்தியாசம், முழு வீட்டுக்கும் அல்ல, ஓரிரு பலகைக்குத்தான். கூலி, கீல், மைக்கா ஆகிய செலவுகள் எந்தப் பலகைக்கும் ஒன்றுதான். கெட்டுப்போனால் அத்தனை செலவையும் இரண்டாம் தடவை செய்யவேண்டும்.

யாரைக் கேட்பது?

கதவு மாட்டிய பிறகு பராமரிப்பு எளிது. மிருதுவான துணியைச் சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்து துடைத்தால் போதும். கம்பி நாரும் ஆசிட்டும் வேண்டாம். குழாயில் கசிவு இருந்தால் அன்றைக்கே சரி செய்யுங்கள். சொட்டுச் சொட்டாக விழும் நீர்தான் கதவைக் கொல்கிறது.

கடைசியாக ஒரு வார்த்தை.

பல வீடுகளில் ஆண்கள் கடைக்குப் போகிறார்கள். நிறம் பார்த்து, விலை பேசி, முடித்துவிட்டு வருகிறார்கள். அடுப்படியில் நிற்பவரைக் கேட்பதே இல்லை.

எந்தக் கதவில் நீர் வழிகிறது, எந்தக் கதவில் புகை படிகிறது, எந்தத் தட்டு கைக்கு எட்டாது என்பதெல்லாம் அங்கே தினமும் நிற்பவருக்குத்தான் தெரியும். அம்மாவோ, மனைவியோ, சமைக்கும் அப்பாவோ, யாரானாலும் அவரை முதலில் கேளுங்கள்.

பிறகு பலகையைப் பாருங்கள். அதன் பிறகு ஓரத்தைப் பாருங்கள்.

நிறத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்!